ஊசி போடப் போவது யார்?

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கிறீர்கள். "டாக்டர் அவசரமா வெளியே போயிருக்கார். நானே பல்லை எடுத்துடறேன் சார். பத்து வருஷமா பக்கத்துல நின்னு பார்த்தவன்தானே!" என்கிறார் உதவியாளர்.

உடனே எழுந்து வந்துவிடுங்கள்!

1948-ம் வருடத்து பல் மருத்துவர்கள் சட்டம் மூன்று பேருக்குத்தான் பதிவேடு வைத்தது. பல் டாக்டர், பல்லைச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் ஹைஜீனிஸ்ட், பல்செட் செய்யும் மெக்கானிக். உதவியாளருக்கு அதில் இடமே தரவில்லை. பலரும் கிளினிக்கிலேயே தொழில் பழகியவர்கள். கெட்டிக்காரர்கள்தான். கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமென்ட் குழைப்பது... இவர்கள் ஒருநாள் லீவு போட்டால் டாக்டருக்குக் கை ஒடிந்த மாதிரி!

ஆனால் மரத்துப்போக ஊசி போடுவதும், சொத்தையைக் குடைவதும், பல்லைப் பிடுங்குவதும் டாக்டரின் வேலை. ஊசி போட்டதும் சிலருக்கு மயக்கம் வரும். இதய நோய்க்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, பல் எடுத்த இடத்தில் ரத்தம் லேசில் நிற்காது. எதைப் பார்த்து முன்கூட்டியே உஷாராக வேண்டும் என்பது பக்கத்தில் நின்று பார்த்தால் வந்துவிடுமா?

க்ளீனிங் செய்ய வருகிறவரிடமும், "நீங்க டாக்டரா, ஹைஜீனிஸ்ட்டா? ரிஜிஸ்டர் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.