வெயிலுக்கும் இரவுக்கும் ஈடுகொடுக்கும் சாட்சி

வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடியிலிருந்து மேற்கே புறப்பட்டால் தொழுதூரில் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையையும், கிழக்கே புறப்பட்டால் பெண்ணாடத்தைக் கடந்து விருத்தாசலத்தையும் அடையலாம். இவ்விரு திசைகளிலும் கார் ஓட்டுகிறவர் சந்திக்கும் அபாயங்கள் ஒரே தன்மையன அல்ல. உள்ளூர்ச் சாலையில் பின்விளக்கு இல்லாமல் இருளில் ஊர்ந்து செல்லும் கரும்பு டிராக்டரும், பாதிச் சாலையை அடைத்துக் காயவைத்திருக்கும் மக்காச்சோளமும், மடைதிறந்தாற்போல் குறுக்கே இறங்கும் ஆட்டு மந்தையும் அவரைச் சோதிக்கின்றன. நெடுஞ்சாலையிலோ, சிறிது தூரம் சென்று திரும்புவதற்குச் சோம்பி எதிர்த்திசையிலேயே வரும் இருசக்கர வாகனமும், ஹை பீமைத் தணிக்காத லாரியும் சோதிக்கின்றன. விபத்து ஒன்று நேர்ந்துவிட்டால், நடந்தது என்ன என்பதைக் காட்டிலும் எந்த வாகனம் பெரியது என்பதை வைத்தே கூட்டம் தீர்ப்புச் சொல்லிவிடுகிற வழக்கமும் நம்மிடையே உண்டு. இத்தகைய சந்தர்ப்பங்களில் பட்சபாதமின்றி நடந்ததை நடந்தபடியே எடுத்துக் காட்டவல்ல ஓர் உபகரணமாகவே டேஷ் கேமரா இன்று சாமானியக் குடும்பத்தின் காரிலும் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது.

முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டப்படும் இச்சிறு கேமரா, வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் தானே பதிவைத் தொடங்கி, ஓரிரு நிமிஷத் துண்டுகளாகக் காட்சியைச் சேமித்து, மெமரி கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதுகிறது. திடீர் அதிர்ச்சியை உணரும் சென்சார் ஒன்று, மோதல் நேர்ந்த தருணத்துப் பதிவை மட்டும் அழியாதபடி பூட்டி வைக்கிறது. விபத்துத் தகராறுகளும் பொய் வழக்குகளும் மலிந்திருந்த ரஷ்யாவில் இதன் உபயோகம் வெகுவாகப் பரவியிருந்தமையால்தான், 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் நகரத்தின்மேல் வெடித்த விண்கல்லை எத்தனையோ கார்களின் கேமராக்கள் தற்செயலாகப் படம்பிடித்து உலகுக்கு அளித்தன.

கடைக்குச் செல்கிறவர் முதலில் கேட்பது, படம் எத்தனை தெளிவு என்பதையே. ஆனால் நம் ஜில்லாவின் சீதோஷ்ண நிலையை நினைத்தால், முதற் கேள்வி வெப்பத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். கத்திரி வெயிலில் நிழலின்றி நிறுத்திய காரின் முன்கண்ணாடி ஓரத்தில் வெப்பம் 60 டிகிரியையும் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். அதற்குப் பதிலாகக் கெப்பாசிட்டர் பொருத்தப்பட்ட கேமரா நெடுநாள் தாக்குப்பிடிக்கும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் கடைசித் துண்டைப் பத்திரமாக மூடிவிட்டு நின்றுபோவதற்கு வேண்டிய சில விநாடிச் சக்தியைத் தருவதே கேமராவினுள் இருக்கும் பேட்டரியின் பணியாதலால், கெப்பாசிட்டர் அதற்குத் தாராளமாகப் போதும். விலைப் பட்டியலில் இவ்விவரம் இல்லையேல், விற்பவரிடம் வாய்விட்டே கேட்டுவிடுவது உத்தமம்.

இரண்டாவது கேள்வி இரவைப் பற்றியது. பகலில் எல்லாக் கேமராவும் நன்றாகவே காட்டும். எதிர்வரும் விளக்கின் பிரகாசத்துக்கும் சாலையோர இருளுக்கும் இடையே இரண்டையும் தெளிவாகக் காட்டுவதே திறமை. 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட், ஒளியை எதிரொளிக்கும் தன்மையுடையதாதலால், நம் ஹெட்லைட் பட்டதும் சாதாரணக் கேமராவில் எழுத்துகள் மறைந்து வெறும் வெண்மையாகத் தெரியும். ஒளிவேறுபாட்டைச் சமன்செய்யும் எச்.டி.ஆர் வசதியும், மங்கலில் நன்கு இயங்கும் சென்சாரும் இங்கேதான் பயன்படுகின்றன. 4கே என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பினும், வேகமாக எதிர்வரும் வாகனத்தின் எண்ணை இரவில் வாசித்துவிடலாம் என்று எந்தக் கேமராவையும் நம்பிவிடக் கூடாது. ஆகவே வாங்கும் முன், அதே மாடல் நம் நாட்டுச் சாலையில் இரவில் எடுத்த பதிவைப் பார்த்துத் தீர்மானிப்பதே விவேகம்.

மூன்றாவது, மெமரி கார்டு. இடைவிடாது எழுதி அழிக்கும் பணிக்கென்றே செய்யப்பட்ட ஹை எண்டியூரன்ஸ் கார்டுகள் தனியாக உண்டு. செல்போனுக்கு வாங்கிய சாதாரணக் கார்டைச் செருகினால், தேவைப்படும் நாளில்தான் அது பழுதாகிக் கிடப்பது தெரியவரும். விநாடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் எழுதும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.75 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், 64 ஜிபி கார்டில் சுமார் ஒன்பது மணி நேரப் பிரயாணம் அடங்கும். பின்புறக் கேமராவும் சேர்ந்தால் அதற்கேற்பக் குறையும்.

பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். உள்கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநரின் பார்வையை மறைக்காத, வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் உள்ள இடமே சிலாக்கியமானது. பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காரில், அது விரியும் வழியின் குறுக்கே வயரைச் செருகிவிடாதபடி எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிறுத்திய வண்டியையும் காவல் காக்கும் பார்க்கிங் வசதி வேண்டுவோர், பேட்டரி மின்னழுத்தம் குறைந்ததும் தானே துண்டித்துக்கொள்ளும் இணைப்பையே பயன்படுத்த வேண்டும். அஃதின்றேல் காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய நேரிடும்.

பதிவு கையில் இருந்தால் மட்டும் அது சாட்சியமாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் தாக்கல் செய்கிறவர் உரிய சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. பதிவு திருத்தப்படவில்லை என்பதைச் சோதித்தறிய உதவும் ஹாஷ் மதிப்பும் அதில் குறிப்பிடப்பட வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு குறித்து, அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் சான்றிதழின் அவசியத்தை வலியுறுத்தியதோடு, மூலக் கருவியையே உடையவர் நேரில் வந்து நிரூபித்தால் அது தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. எனவே விபத்து நேர்ந்ததும் கார்டைக் கழற்றித் தனியே பத்திரப்படுத்தி, வாட்ஸ்ஆப்பில் அனுப்பிச் சுருங்கிய நகலை மாத்திரம் நம்பியிராமல், மூலத்தை வெட்டாமலும் ஒட்டாமலும் வைத்திருந்து, வக்கீலிடம் ஒப்படைப்பதே முறை. தேதியும் நேரமும் பிழையாகப் பதிந்திருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். ஆகையால் அவற்றை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தர்மமும் உண்டு. காருக்குள் பேசுவதையும் இக்கருவி பதியும் என்பதால், உடன் வருபவர்களிடம் அதனைத் தெரிவிப்பதோ, மைக்கை அணைத்து வைப்பதோ நாகரிகம். பிறர் முகங்களையும் விபத்தின் கோரக் காட்சிகளையும் வேடிக்கைக்காகப் பரப்புவது எவ்விதத்திலும் நியாயமாகாது.

ஆகமொத்தம், பணம் ஓரளவே உள்ளவர் கெப்பாசிட்டர், இரவுத் தெளிவு, தரமான கார்டு ஆகிய மூன்றையும் முதலில் உறுதி செய்துகொண்டு, 4கேயையும் பின்புறக் கேமராவையும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: எதிராளியின் குற்றத்தைப் பதியும் கேமரா நம் வேகத்தையும், நாம் தாண்டிய சிவப்பு விளக்கையும் அதே நேர்மையோடு பதியும். அதற்குச் சம்மதித்து, விதிப்படி வண்டி ஓட்டத் தயாராயிருப்பவரே அதை வாங்கட்டும். வாங்கியவர் மாதம் ஒருமுறையேனும் கார்டை எடுத்துப் பதிவு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கட்டும்.