பூஸ்டரைக் கழற்றினால் மட்டும் போதாது

1960களின் அமெரிக்க கார்களில் டிஸ்க் பிரேக் பெரும்பாலும் முன்சக்கரங்களுக்கு மட்டும், அதுவும் கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் வசதியாகத்தான் வந்தது. பல மாடல்களில் அதோடு வேக்குவம் பூஸ்டர் ஒன்றும் சேர்ந்தே வரும். அதற்குக் காரணம் உண்டு. டிரம் பிரேக்கில் சுழலும் சக்கரமே ஷூவை டிரம்மோடு மேலும் இறுக்கிவிடும். டிஸ்க் பிரேக்கில் அந்த உதவி கிடையாது. பேட் எவ்வளவு பலமாகக் கவ்வ வேண்டுமோ அந்தப் பலம் முழுவதும் பிரேக் ஆயிலின் அழுத்தத்திலிருந்துதான் வர வேண்டும். அந்த அழுத்தத்தை உண்டாக்கக் காலுக்குத் துணை நிற்பதே பூஸ்டர்.

பூஸ்டருக்கான வெற்றிடம் என்ஜினின் இன்டேக் மானிஃபோல்டிலிருந்து வருகிறது. நன்றாக வேலை செய்ய, பாதரச அளவில் சுமார் 18 அங்குல வெற்றிடம் வேண்டும். பழைய காரை வாங்கி, வேகத்துக்காக அதன் கேம்ஷாஃப்டை மாற்றுபவர்களுக்கு இங்கேதான் சிக்கல். அத்தகைய கேம் போட்ட என்ஜின் ஐடிலில் ஓடும்போது வெற்றிடம் 10 அங்குலத்துக்கும் கீழே இறங்கிவிடலாம். அப்போது பெடல் கல்லாக இறுகும். தனியாக வேக்குவம் பம்ப் பொருத்துவது ஒரு வழி. பூஸ்டரையே நீக்கிவிட்டு, காலின் பலத்தில் மட்டும் இயங்கும்படி பிரேக்கை மாற்றுவது இன்னொரு வழி. என்ஜின் அறையில் இடம் மிச்சமாவதும், சக்கரத்தில் நடப்பது பாதத்தில் நேராகத் தெரிவதும் இரண்டாவது வழியில் கிடைக்கும் லாபங்கள்.

பூஸ்டர் இல்லாத டிஸ்க் பிரேக் புதுமையும் அல்ல, குறுக்குவழியும் அல்ல. 1965, 1966 ஃபோர்டு மஸ்டாங்கில் விருப்ப வசதியாகக் கிடைத்த முன் டிஸ்க் பிரேக்குகள் பூஸ்டர் இல்லாமலேயே தொழிற்சாலையிலிருந்து வந்தன. ஆனால் அந்த அமைப்பு தொடக்கத்திலிருந்தே அதற்கென்று அளவெடுத்துச் செய்யப்பட்டது. பூஸ்டரோடு வந்த காரில் அதை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு மற்றதை அப்படியே விட்டால், வண்டி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காது.

ஏன் என்பதைக் கணக்கு காட்டும். பூஸ்டர் உள்ள காரில் பெடலின் நெம்பு விகிதம் ஏறத்தாழ 4:1. மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் பல கார்களில் 1⅛ அங்குலம். பூஸ்டர் இல்லாத நிலையில் ஓட்டுநர் 40 கிலோ விசையோடு மிதித்தால், சிலிண்டருக்குப் போவது 160 கிலோ. அது பரப்பில் பரவி, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ அழுத்தமாகிறது. அவசரமாக நிறுத்தத் தேவைப்படுவதோ 70 கிலோவை ஒட்டிய அழுத்தம். விகிதத்தை 6:1 ஆக்கி, 15/16 அங்குல மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினால் அதே மிதிக்கு 54 கிலோ கிடைக்கும். கால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால், அதாவது 52 கிலோ கொடுத்தால், 70ஐ எட்டிவிடலாம்.

இது இலவசமாகக் கிடைப்பதல்ல. அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, பெடல் கீழிறங்கும் தூரமும் அத்தனை மடங்கு கூடும். மேலே சொன்ன மாற்றத்தில் அது இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் பின்சக்கர டிரம் ஷூக்களைச் சரியான இடைவெளியில் வைப்பது இங்கே மிக முக்கியமாகிறது. ஷூ தள்ளி நின்றால், அது டிரம்மைத் தொடுவதற்குள்ளேயே பெடல் தரையை நெருங்கிவிடும். பேட்களை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர், பெரிய பிஸ்டன்களோடு நான்கு சக்கரத்திலும் இருந்தால் ஆயில் அதிகம் தேவைப்படும். கனமான அத்தகைய வண்டியில் இந்த மாற்றத்தைத் தவிர்ப்பதே நல்லது.

நெம்பு விகிதத்தை மாற்றுவது சில கார்களில் எளிது. 1967 முதல் 1969 வரையிலான ஷெவர்லே கமாரோவின் பெடல் தண்டில் சுமார் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டு துளைகள் உண்டு. கீழ்த்துளை பூஸ்டருக்கு, மேல்துளை பூஸ்டர் இல்லாத அமைப்புக்கு. பெடலை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் புஷ்ராடு மேல்துளைக்குப் போகும்போது பெடல் ஆடும் அச்சுக்கு நெருங்குகிறது. கடப்பாரையில் முட்டுக்கல்லைப் பாறைக்குப் பக்கத்தில் நகர்த்துவது போல, அதே தள்ளலுக்கு விசை கூடுகிறது. பூஸ்டரையும் அதன் தாங்கியையும் எடுத்துவிட்டு, என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் இடையே உள்ள தடுப்புத் தகட்டில் மாஸ்டர் சிலிண்டரை நேராகப் பொருத்த வேண்டும்.

உயிரோடு விளையாடும் இடம் புஷ்ராடு. பூஸ்டருக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றில் பிஸ்டனின் பின்குழி ஆழம் குறைவு. அதில் நீண்ட புஷ்ராடைச் செருகினால், அது நழுவி விழலாம். விழுந்தால் பிரேக்கே கிடையாது. ஆழக்குழி உள்ள சிலிண்டரையே வாங்க வேண்டும். புஷ்ராடின் நீளத்திலும் கவனம் தேவை. பெடல் ஓய்வில் இருக்கும்போது பிஸ்டனுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். பேட் டிஸ்க்கை விடாமல் உரசிச் சூடாகும்.

மானிஃபோல்டில் பூஸ்டர் குழாய் இருந்த வாயை இறுக்கமாக அடைக்க வேண்டும். அதன் வழியே காற்று புகுந்தால் என்ஜின் ஐடிலில் தடுமாறும். புதிய மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே வைஸில் பிடித்து ஏர் எடுத்துவிடுவது நல்லது. பிறகு நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுக்க வேண்டும். குளிர்ந்த நிலையிலேயே நன்றாகக் கவ்வும் பேட்களைப் போட்டால் காலின் சுமை இன்னும் குறையும். பந்தயப் பேட்கள் சூடேறினால்தான் பிடிக்கும் என்பதால் அவை சாலைக்கு ஏற்றவை அல்ல.

முதல் ஓட்டம் ஆளில்லாத மைதானத்தில், மெதுவான வேகத்தில் இருக்கட்டும். பலமாக மிதித்தாலும் பெடல் தரையைத் தொடக் கூடாது. பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு முன்பே பூட்டிக்கொள்ளவும் கூடாது. சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபின் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்காமல் ஓட்டியும் முன்சக்கரங்கள் கொதித்தால், புஷ்ராடைச் சற்றுக் குறைத்து இடைவெளியை மீண்டும் அளக்க வேண்டும்.