மூன்று டாலர் கண்காட்சி

1963-இல் லாஸ் ஏஞ்சலீஸில் எட் ரூஷே என்ற இருபத்தைந்து வயது ஓவியர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். ஒரு கையில் பிடித்துக்கொள்ளும் அளவு, 48 பக்கம், வெள்ளை அட்டை. அட்டையில் சிவப்பு எழுத்தில் தலைப்பு மட்டும்: 'இருபத்தாறு பெட்ரோல் நிலையங்கள்'. உள்ளே இருந்தவையும் அவைதான். கறுப்பு வெள்ளையில் பெட்ரோல் பங்குகளின் படங்கள். ஒவ்வொன்றுக்கும் கம்பெனியின் பெயர், ஊரின் பெயர். முன்னுரை இல்லை, கட்டுரை இல்லை, படங்களைப் பற்றி ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

ரூஷே வளர்ந்தது ஓக்லஹோமா சிட்டியில். படிக்க வந்து தங்கிவிட்டது லாஸ் ஏஞ்சலீஸில். இரண்டு ஊருக்கும் நடுவே 66-ஆம் எண் நெடுஞ்சாலையில் அவர் பலமுறை கார் ஓட்டிப் போய் வந்திருக்கிறார். அந்தச் சாலையோரத்தில் வண்டி நிற்கும் இடங்கள்தான் படங்களாயின. அழகான கோணம் தேடி எடுத்த படங்கள் அல்ல. வீடு வாங்கி விற்பவர் எடுத்துவைக்கும் படம் மாதிரி நேராக, தட்டையாக இருக்கும். படம் எடுக்கும் முன்பே தலைப்பு தன் மனதில் வந்துவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

முதல் பதிப்பு 400 பிரதிகள். ஒரு பிரதியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு அனுப்பினார். வடிவம் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, தகவல் என்று எதுவும் இல்லை என்று நூலகம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. ரூஷே சோர்ந்துபோகவில்லை. 1964-இல் 'ஆர்ட்ஃபோரம்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். 1963 அக்டோபர் 2 அன்று நாடாளுமன்ற நூலகத்தால் நிராகரிக்கப்பட்ட புத்தகம் இது, பிரதி மூன்று டாலருக்குக் கிடைக்கும் என்பதுதான் விளம்பரத்தின் சாரம்.

நூலகத்தாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓவியர் ஒருவரின் பெயரோடு புத்தகம் வந்தால், அது அவருடைய ஓவியங்களின் தொகுப்பாகவோ அவரைப் பற்றிய நூலாகவோ இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ரூஷேயின் புத்தகம் இரண்டும் இல்லை. சுவரில் எங்கோ மாட்டியிருக்கும் மூலப் படைப்பின் நகல் அல்ல அது, மூலமே அதுதான். தாளின் தன்மை, பக்கங்களின் வரிசை, வெற்றிடம், புரட்டும் வேகம் எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு. ஒரு படத்தைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டினால் அது வெறும் பெட்ரோல் பங்கின் படம். இருபத்தாறையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டும்போதுதான் அந்த நீண்ட, வெறிச்சோடிய சாலை நம் முன் விரிகிறது. இந்த வகை நூல்களை ஓவியர் புத்தகம் என்று சொல்லலாம்.

ஓவியர்கள் புத்தகத்தில் கை வைத்தது அப்போதுதான் தொடங்கியது என்பதில்லை. லண்டனில் வில்லியம் பிளேக் 1780-களின் இறுதியிலேயே தன் கவிதையையும் ஓவியத்தையும் ஒரே செப்புத் தகட்டில் பொறித்துத் தானே அச்சிட்டார். அவர் மனைவி கேத்தரின் வண்ணம் தீட்ட உதவினார். 1913-இல் பாரிஸில் கவிஞர் பிளேஸ் சாந்த்ராரும் ஓவியர் சோனியா டெலோனேயும் சேர்ந்து, பிரித்துப் பிடித்தால் இரண்டு மீட்டர் நீளும் ஒரு மடிப்புப் புத்தகம் செய்தார்கள். திட்டமிட்ட 150 பிரதிகளையும் பிரித்து நுனியோடு நுனியாகச் செங்குத்தாக நிறுத்தினால் ஈஃபில் கோபுரத்தின் உயரம் வரும் என்பது அவர்கள் கணக்கு. பிரான்சில் ஓவிய வியாபாரிகள் பணக்காரச் சேகரிப்பாளர்களுக்காக விலையுயர்ந்த தாளில், கையெழுத்திட்ட படங்களோடு ஆடம்பர நூல்களையும் வெளியிட்டுவந்தார்கள்.

ரூஷே அந்த ஆடம்பரத்துக்கு நேர் எதிரே நின்றார். சாதாரண ஆஃப்செட் அச்சு, சாதாரணத் தாள். முதல் பதிப்புக்கு வரிசை எண் இட்டதைக்கூடத் தவறு என்று பின்னர் கருதினார். எண் போட்டதும் அது அரிய பொருளாகிவிடுகிறதே! அடுத்த பதிப்புகளில் எண் இல்லை. 1969-இல் வந்த மூன்றாம் பதிப்பு 3,000 பிரதிகள்.

1966-இல் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. பிக்கப் வண்டியின் பின்புறம் மோட்டார் பொருத்திய கேமராவை வைத்து, ஹாலிவுட் அருகே சன்செட் ஸ்ட்ரிப் சாலையின் இரு பக்கக் கட்டடங்களையும் ஒன்று விடாமல் படம் எடுத்தார். விசிறி மடிப்பாக மடித்த அந்தப் புத்தகத்தைப் பிரித்தால் ஏறத்தாழ 25 அடி நீளம். ஒரு பக்கத்துக் கட்டடங்கள் மேலே நேராக, எதிர்ப்பக்கத்தவை கீழே தலைகீழாக; நடுவில் வெற்றுத்தாள்தான் சாலை. படிப்பவர் மேசையைச் சுற்றி நடந்துவந்தோ புத்தகத்தைத் திருப்பியோதான் மறுபக்கத்தை நேராகப் பார்க்க முடியும். கூகுள் ஸ்ட்ரீட் வியூ வருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த காரியம் இது.

அதே ஆண்டுகளில் பத்திரிகையும் ஓவியர்களின் கையில் உருமாறியது. ஃபிலிஸ் ஜான்சன் என்ற பத்திரிகையாசிரியர் 1965-இல் தொடங்கிய 'ஆஸ்பென்' இதழ் பெட்டியில் வந்தது. திறந்தால் தனித்தனித் தாள்கள், சிறு நூல்கள், இசைத்தட்டு. ஆண்டி வார்ஹோல் பொறுப்பேற்ற மூன்றாம் இதழின் பெட்டி சலவைத்தூள் டப்பாவைப் போலவே இருந்தது. 1967-இல் பிரையன் ஓ'டொஹர்ட்டி தொகுத்த வெள்ளைப் பெட்டி இதழில் 8 மில்லிமீட்டர் திரைப்படச் சுருள் இருந்தது, அட்டையை வெட்டி ஒட்டிச் சிற்பம் செய்துகொள்ளும் தாள்களும் இருந்தன. ஆசிரியனின் மரணம் பற்றி பிரெஞ்சு விமர்சகர் ரொலாண்ட் பார்த் எழுதிய கட்டுரை, இன்று இலக்கியம் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் அறிந்த அந்தக் கட்டுரை, ஆங்கிலத்தில் முதலில் வெளியானது அந்தப் பெட்டியில்தான். ஆனால் அஞ்சல் துறைக்கு 'ஆஸ்பென்' பத்திரிகையாகவே தெரியவில்லை. பத்திரிகைகளுக்குரிய அஞ்சல் சலுகை பறிபோனது. பத்து இதழ்களோடு 1971-இல் 'ஆஸ்பென்' நின்றுவிட்டது.

நியூயார்க்கில் கண்காட்சி அமைப்பாளர் சேத் சீகலாப் 1968-இல் காட்சிக்கூடமே இல்லாமல் ஒரு கண்காட்சி நடத்தினார். ஏழு கலைஞர்கள், ஆளுக்கு 25 பக்கம். அந்தப் புத்தகம்தான் கண்காட்சி. ஜெராக்ஸ் எடுத்தே தயாரிக்க வேண்டும் என்பது திட்டம். அன்று ஜெராக்ஸ் செலவு கட்டுப்படியாகாததால் கடைசியில் ஆஃப்செட்டில் ஆயிரம் பிரதிகள் அச்சாயின. பெயர் மட்டும் 'ஜெராக்ஸ் புக்' என்று நிலைத்துவிட்டது. இத்தகைய நூல்களை விற்பதற்கென்றே ஓவியர் சோல் லெவிட், விமர்சகர் லூசி லிப்பார்ட் முதலானோர் 1976-இல் நியூயார்க்கில் தொடங்கிய 'பிரிண்டட் மேட்டர்' என்ற நிறுவனம் இன்றும் நடக்கிறது.

கலை எல்லார் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்ற அந்தக் கனவு எந்த அளவுக்குப் பலித்தது? பாதிதான். ரூஷேயின் முதல் பதிப்பு இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. தொட்டுப் புரட்டச் செய்த புத்தகம் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள், ஒரே பக்கம் திறந்தபடி கிடக்கிறது. மலிவாகப் பிறந்த ஒன்றுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது.

இந்தியாவில் இந்த மரபுக்கு உயிர் கொடுத்த இடங்களில் ஒன்று பரோடா. ஓவியர்கள் குலாம்முகமது ஷேக்கும் பூபேன் கக்கரும் 1969 முதல் 1973 வரை 'விருஷ்சிக்' என்ற சிற்றிதழை நடத்தினார்கள். பெயருக்குப் பொருள் தேள். அதற்கேற்ற கொடுக்கும் அதற்கு இருந்தது. தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாதெமியின் செயல்பாட்டை எதிர்த்து ஓவியர்கள் எழுப்பிய குரலுக்கு அது மேடையாயிற்று. பக்தி இலக்கிய மொழிபெயர்ப்புகளோடு, ஓவியர்கள் செதுக்கிய லினோகட் அச்சுப் படங்களும் அதில் வந்தன. சந்தாதாரருக்கு வந்தது ஓவியத்தின் புகைப்படம் அல்ல, ஓவியரின் கைவேலையே.

டெல்லியைச் சேர்ந்த தயாநிதா சிங் வேறொரு வழியில் வந்தார். புகைப்படக் கலைஞரான அவர், தன் படைப்பு முதலில் புத்தகம், பிறகுதான் சுவர் என்று எண்ணுபவர். 2017-இல் வந்த அவருடைய 'மியூசியம் பவன்' ஒன்பது சிறு விசிறி மடிப்பு நூல்கள் கொண்ட ஒரு பெட்டி. வாங்கியவர் அவற்றைப் பிரித்து மேசையிலோ அலமாரியிலோ தன் விருப்பப்படி நிற்கவைத்தால் வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் தயார்.

சென்னைக்கும் இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. கீதா வுல்ஃப் 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ் பதிப்பகத்தின் கையால் செய்த நூல்கள் உலகம் முழுதும் தேடி வாங்கப்படுபவை. பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்த 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' (2006) கறுப்புத் தாளில் ஸ்க்ரீன் பிரிண்டிங் முறையில் அச்சானது. பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்த கைத்தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை. ஒரு நிறத்தை இழுத்து, தாளை உலரவைத்து, அடுத்த நிறத்துக்கு மீண்டும் அதே இடத்தில் பிசகாமல் வைக்க வேண்டும். தைப்பதும் கையால்தான். ஒவ்வொரு பிரதியிலும் வரிசை எண் உண்டு. தாளைத் தடவினால் மை மேடாக விரலுக்குத் தட்டுப்படும். முகர்ந்தால் மையின் வாசம் அடிக்கும். பதிப்பகம் வெளியிடுவதை ஓவியர் புத்தகம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓவியரும் அச்சுத் தொழிலாளியும் சேர்ந்து, புத்தகம் என்ற பொருளையே படைப்பாக ஆக்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

தமிழ்ச் சிற்றிதழ்கள் இதற்குப் பக்கத்து வீட்டில் இருந்தவை. 1970-இல் சென்னையில் தொடங்கிய 'கசடதபற' போன்ற இதழ்களில் கே.எம். ஆதிமூலம் முதலான நவீன ஓவியர்களின் கோடுகள் இடம்பெற்றன. ஓவியர்களே முழுக்கத் திட்டமிட்ட இதழ்கள் அல்ல அவை, எழுத்துக்காகப் பிறந்தவை. இருந்தாலும் காட்சிக்கூடத்துப் படியேறாத வாசகர்கள் பலர் நவீன ஓவியத்தை முதன்முதலாகக் கண்டது அந்த மலிவுத் தாளில்தான். இன்று கவிதையையும் கதையையும் மறுபதிப்புச் செய்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கத்தில் எந்தக் கோட்டோவியம், அட்டை எப்படி, எழுத்துரு எப்படி என்பதெல்லாம் பழைய பிரதிகளில் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

அப்படிப்பட்ட பிரதிகள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் காப்பதுதான் அதன் பணி. அட்டையைக் கிழிக்காமல், பக்கத்தை வெட்டாமல், முழுப் பிரதியாக அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.