தோட்டம் போட 7 ஆண்டுப் படிப்பு!

"மண்வெட்டி பிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தேன்?"

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போவதாகப் பிள்ளை சொன்னால், ஆலையிலும் ஆபீசிலும் உழைத்துக் களைத்து வரும் தகப்பனார் இப்படிக் கேட்பது இயற்கையே. தமிழில் இதை நில எழிலமைப்புக் கலை எனலாம். பெயரைக் கேட்டதும் பூந்தொட்டியும் புல்தரையும்தான் நினைவுக்கு வரும். வேலை அதோடு முடிவதில்லை.

பெங்களூர்த் தமிழர்கள் இதற்கு விளக்கம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டிகளுடன் போகும் லால்பாக் போதும். 1760-ல் ஐதர் அலி தொடங்கிய இத்தோட்டத்தின் பொறுப்பை 1908-ல் கிரும்பீகல் என்ற ஜெர்மானியர் ஏற்றார். லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பயின்றவர். பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்த இனம் பூக்க வேண்டும், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தெரு பூத்திருக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சாலை மரங்களை நட வைத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். மார்ச்சில் ஊதா நிற ஜக்கராண்டா, ஏப்ரல், மே மாதங்களில் சிவப்பு குல்மோகர்! பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கண்ணில் படும் இந்த வரிசை தற்செயலாக வந்ததல்ல. லால்பாக் மண்ணைக் கொத்தியவர்களில், தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று சொல்லப்படும் திகளர் சமூகத்தினரும் உண்டு. கரகத் திருவிழா நடத்தும் அதே மக்கள்தான்.

தண்ணீர்க் கணக்கு

இன்று இத்தொழிலின் பெரும்பகுதி தண்ணீர்க் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அது மண்ணில் இறங்குமா, குளத்துக்குப் போகுமா, பக்கத்து வீட்டுக்குள் புகுமா என்பது நிலத்தின் சரிவைப் பொறுத்தது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பகுதியில் கோடிக்கணக்கில் விலை போன பங்களாக்களுக்குள் வெள்ளம் புகுந்து, குடியிருந்தவர்கள் டிராக்டரில் ஏறி வெளியேறினார்களே, மறந்திருக்க முடியாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளிலோ, பல இடங்களில் கார் நிறுத்தும் தளத்தின் கூரைமீதே தோட்டம் அமைகிறது. ஒரு கன மீட்டர் ஈர மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். எவ்வளவு ஆழம் மண் போடலாம், எந்த மரத்தின் வேர் கான்கிரீட்டைக் கெடுக்காது, வடிகால் எந்தப் பக்கம் என்று படம் போட்டுக் கொடுப்பவர் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்.

கணக்கை விட்டால்...

நம் நாட்டில் வழக்கமான பாதை, 5 ஆண்டு பி.ஆர்க்., அதன்பின் 2 ஆண்டு மேற்படிப்பு. பி.ஆர்க். சேர பிளஸ் 2 அல்லது பி.யு.சி.யில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். நாட்டா அல்லது ஜே.இ.இ. நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். "கணக்கு வராது" என்று 10-ம் வகுப்போடு அதைக் கைகழுவிய பிள்ளைக்கு இந்தக் கதவு அநேகமாக மூடிவிடும். பிரிவு தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு வாரம்தான் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டிய நேரம். மேற்படிப்பு டெல்லி ஸ்கூல் ஆப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர், ஆமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் உண்டு.

செலவும் சாதாரணமல்ல. கட்டணம் போக, வரைபடத் தாள், மாதிரி செய்யும் அட்டை, கம்ப்யூட்டர் என்று மாதம் தவறாமல் கை கடிக்கும். பி.ஆர்க். முடித்துச் சில ஆண்டுகள் சம்பாதித்த பிறகு மேற்படிப்புக்குப் போகிறவர்களும் உண்டு. மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அதுவே தாங்கும்.

ஆறே மாதத்தில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆக்குகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் பணம் கட்டிவிடக் கூடாது. 1972-ம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சிலில் பதிவு பெறாதவர் வெறுமனே ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது; லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்ற பெயருக்கு அச்சட்டத்திலேயே விலக்கு உண்டு. பெயருக்குத்தான் தடை, வேலைக்கு அல்ல என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எனவே கணக்கை விட்டு உயிரியல் எடுத்த பிள்ளைகள், பி.எஸ்சி. தோட்டக்கலை படித்துவிட்டு, பூங்கா அமைப்பு, நாற்றுப் பண்ணை என்று இதே துறையில் நுழையலாம். கர்நாடகத்தில் பாகல்கோட்டை தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும், தமிழ்நாட்டில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பை நடத்துகின்றன. அதற்கு 4 ஆண்டு.