கோட்டை முற்றுகை விளையாட்டு (கல்வி)

கோட்டை முற்றுகை விளையாட்டு என்பது இடைக்கால ஐரோப்பாவின் கோட்டைப் போர்முறையைப் பள்ளி மாணவர்களுக்குக் கற்பிக்கப் பயன்படும் பாவனை விளையாட்டு ஆகும். மாணவர்கள் முற்றுகையிடுவோர், கோட்டையைக் காப்போர் என இரு அணிகளாகப் பிரிந்து, வரலாற்றில் நிகழ்ந்த ஒரு முற்றுகையின் சூழலில் முடிவுகளை எடுப்பர். ஆசிரியர் நடுவராக இருப்பார். முற்றுகைகளின் முடிவை எவை தீர்மானித்தன என்பதை மாணவர்கள் உணர்வதே இதன் நோக்கம். போரை விளையாட்டின் வழியாகக் கற்பிப்பது புதியதன்று. பிரசியப் படையில் 1824 இல் அறிமுகமான கிரீக்சுபீல் என்னும் வரைபட விளையாட்டு, நடுவரைக் கொண்டு படை அதிகாரிகளுக்குப் பயிற்சி அளித்தது.

வரலாற்றுப் பின்னணி

கோட்டைப் போர் என்றவுடன் ஏணியில் ஏறும் வீரர்களும் உடையும் மதில்களுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பல முற்றுகைகள் பசியினாலும் காலத்தினாலும் பேச்சுவார்த்தையினாலுமே முடிவுற்றன. இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டை முற்றுகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

1215 சூனில் மாக்னா கார்ட்டா ஏற்கப்பட்ட சில மாதங்களிலேயே, மன்னர் ஜானுக்கும் பிரபுக்களுக்கும் இடையே போர் மூண்டது. கிளர்ச்சியாளர்கள் ரோச்செஸ்டரைக் கைப்பற்ற, அக்டோபரில் ஜான் அதனை முற்றுகையிட்டார். ஏறத்தாழ 34 மீட்டர் உயரமுள்ள மையக் கோபுரத்தைக் கல்லெறி பொறிகளால் வீழ்த்த இயலவில்லை. எனவே அதன் ஒரு மூலையின் அடியில் சுரங்கம் தோண்டப்பட்டது. சுரங்கத்தைத் தாங்கிய மரத்தூண்களை எரிப்பதற்காக, கொழுத்த பன்றிகள் நாற்பதை அனுப்புமாறு நவம்பர் 25 அன்று ஜான் மடல் எழுதினார். தூண்கள் எரிந்ததும் அம்மூலை சரிந்தது.

அப்போதும் கோட்டை வீழவில்லை. கோபுரத்தின் உட்பகுதியை இரண்டாகப் பிரித்த குறுக்குச் சுவருக்கு அப்பால் ஒதுங்கிக் காவலர்கள் தொடர்ந்து போராடினர். குதிரைகளைக் கொன்று உண்ணும் நிலைக்கு வந்த அவர்கள், இறுதியில் நவம்பர் 30 அன்று பசியால் சரணடைந்தனர்.

விளையாட்டின் அமைப்பு

இம்முற்றுகையை அடிப்படையாகக் கொண்டு விளையாட்டைப் பின்வருமாறு அமைக்கலாம். ஒரு சுற்று ஒரு வாரத்தைக் குறிக்கும். மொத்தம் ஏழு சுற்றுகள்.

* காப்போர்: பத்து உணவுச் சீட்டுகளும் இரண்டு குதிரைச் சீட்டுகளும் பெறுவர். சுற்றுக்கு இரண்டு உணவுச் சீட்டுகள் செலவாகும். ஒன்றை மட்டும் செலவிட்டால் வீரர் சீட்டு ஒன்றை இழப்பர். குதிரைச் சீட்டையும் உணவாகக் கொள்ளலாம். கோபுரத்துள் கிணறு இருந்தமையால் தண்ணீருக்குக் குறைவில்லை.
* முற்றுகையிடுவோர்: பதினான்கு பணச் சீட்டுகளில் சுற்றுக்கு இரண்டைப் படையின் கூலிக்கும் உணவுக்கும் செலவிடுவர். கல்லெறிதல், ஏணித் தாக்குதல், சுரங்கம், காத்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்வர். சுரங்கம் முடிய நான்கு சுற்றுகள் வேண்டும்.
* நிகழ்வுச் சீட்டுகள்: நோய், மழை, உதவிப் படை ஆகியன. 1215 இல் லண்டனிலிருந்து வந்த உதவிப் படை டார்ட்ஃபோர்டு வரை வந்து திரும்பிவிட்டது.

எந்தச் சுற்றிலும் இரு தரப்பாரும் சரணடைவு குறித்துப் பேசலாம்.

வெளியேற்றப்பட்டோர்

உணவைச் சேமிக்க, போரிட இயலாதவர்களைக் கோட்டைக்கு வெளியே அனுப்புவது அக்கால வழக்கங்களுள் ஒன்று. ரோச்செஸ்டரிலும் இது நடந்தது. நார்மண்டியின் கயார்டு கோட்டை முற்றுகையில் (1203–1204) இவ்வாறு வெளியேற்றப்பட்ட மக்களை முற்றுகைப் படை கடந்துசெல்ல விடவில்லை. மதிலுக்கும் படைக்கும் இடையே குளிர்காலத்தில் சிக்கிய அவர்களுள் பலர் பட்டினியால் இறந்தனர்.

எனவே மூன்று அல்லது நான்கு மாணவர்களுக்கு இம்மக்களின் பங்கை அளிப்பது பயனுள்ளது. இவர்களிடம் சீட்டுகள் எவையும் இரா. இரு அணிகளிடமும் வேண்டுகோள் மட்டுமே விடுக்க இயலும். கணக்கிற்காக எடுக்கப்படும் முடிவு மனிதர்களைப் பாதிப்பதை வகுப்பு நேரில் காண்கிறது.

கணினி விளையாட்டுகள்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 (1999) எதிரெடைக் கவண்பொறியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. எனினும் அதில் வீரர்களுக்கு, அவர்களை உருவாக்கும்போது மட்டுமே உணவு செலவாகிறது. அதன்பின் அவர்கள் உண்பதில்லை. ஸ்ட்ராங்ஹோல்டு (2001) விளையாட்டில் உணவு இருப்பும் பங்கீட்டு அளவும் மக்களின் ஆதரவைப் பாதிக்கின்றன. இவ்வேறுபாட்டை ஆராய்வதும் நல்ல வகுப்புப் பயிற்சியாகும்.

பயன்களும் குறைபாடுகளும்

குறைந்த வளங்களைத் திட்டமிட்டுப் பயன்படுத்துதல், எதிர்த்தரப்பின் நிலையை ஊகித்தல், காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்துதல் ஆகியவற்றை மாணவர்கள் கற்கின்றனர். நெம்புகோல் தத்துவத்தை விளக்கக் கவண்பொறி மாதிரியை அளவுகோலும் நாணயங்களும் கொண்டு செய்யலாம்.

வெற்றி மீதான ஆர்வம் வரலாற்றை மறைத்துவிடக்கூடும் என்பது இம்முறையின் குறைபாடு. எனவே ஆட்டத்திற்குப் பிந்தைய உரையாடல் இன்றியமையாதது. தங்கள் ஆட்டம் 1215 இன் முடிவிலிருந்து எங்கு, ஏன் வேறுபட்டது என்பதை மாணவர்கள் எழுதும்போதே விளையாட்டு பாடமாகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* மாக்னா கார்ட்டா
* முற்றுகைப் போர்
* கவண்பொறி