முகில்களிடை நின்ற மலையரண்

அரண் என்றவுடன் அகழியும் மதிலும் நம் நினைவில் எழுகின்றன. நம் பண்டை நூலோர் மலையரணையும் அவற்றோடு வைத்தெண்ணினர். திருக்குறளில் அரண் அதிகாரம் பயின்ற மாணவர்க்கு, உயரமும் அணுகற்கு அருமையும் அரணின் சிறப்புகளாகக் கூறப்பெறுவது நினைவிருக்கும். அவ்விரண்டையுமே முற்றும் நம்பி, பீரங்கிகளின் காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் எழுப்பப்பெற்ற ஓர் அரணின் வரலாற்றை இங்குக் காண்போம்.

இத்தாலிக்கும் பிரான்சுக்கும் இடையிலான எல்லைப்பகுதியில் ஷாபெர்ட்டோன் என்னும் சிகரம் உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 3,130 மீட்டர். சிகரத்தில் நின்றால் பிரான்சின் பிரியான்சோன் நகரமும் அதனைச் சூழ்ந்த கோட்டைகளும் காலடியிற் கிடப்பனபோலத் தோன்றும். 1882ஆம் ஆண்டில் இத்தாலி, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளோடு முக்கூட்டு உடன்படிக்கை செய்துகொண்டது. அக்காலத்தில் பிரான்சு அதற்குப் பகைநாடாக எண்ணப்பட்டமையால், இச்சிகரத்தின்மேல் இத்தாலியப் படைத்துறையின் கண் விழுந்ததில் வியப்பில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பணி தொடங்கிற்று. பெனில் என்னும் சிற்றூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் படைவழி ஒன்று முதலில் அமைக்கப்பட்டது. பின்னர்ச் சிகரத்தின் முடியையே வெடிவைத்துத் தகர்த்துச் சமன்செய்தனர். அச்சமதளத்தில் எட்டுக் கற்கோபுரங்கள் ஒரே வரிசையாக எழுந்தன. பனி குவிந்தாலும் மூழ்காதவாறு அவை உயரமாகக் கட்டப்பெற்றன என்பர். ஒவ்வொன்றின் உச்சியிலும் சுழலும் எஃகுக் கூடு. அதனுள் 149 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்று. ஆண்டின் பெரும்பகுதி உறைபனி மூடிய உயரத்தில், மூச்சுக்காற்றும் மெலிந்த இடத்தில், இத்துணைக் கல்லையும் இரும்பையும் ஏற்றிய உழைப்பாளர்களை நாம் வியவாதிருக்க முடியவில்லை. அவர்தம் பெயர்களை எவரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. பிரெஞ்சு மக்கள் இவ்வரணை 'முகில்களின் போர்க்கப்பல்' என்று அழைக்கலாயினர்.

இனி, இதன் குறைக்கு வருவோம். பீரங்கிகளை மூடியிருந்த எஃகுக்கூடு மிக மெல்லியது. சிதறும் குண்டுத்துண்டுகளையும் பனியையும் தடுக்குமேயன்றிப் பெருங்குண்டு ஒன்றினைத் தாங்காது. கட்டியோர் அறியாமையால் இதனைச் செய்தனர் எனல் பொருந்தாது. அத்துணை உயரத்தில் உள்ள இலக்கினைக் கீழிருந்து தாக்கவல்ல பெரும் பீரங்கி அவர்கள் திட்டமிட்ட நாளில் அஞ்சத்தக்கதாக இல்லை. உயரமே கவசம் என்று கருதினர். ஆனால் வானோக்கிக் குண்டை எறிந்து, அது வளைந்து தலைமேல் விழுமாறு செய்யும் மார்ட்டர் பீரங்கிகள் விரைந்து வளர்ந்தன. பள்ளத்தில் மறைந்திருப்போர்க்கு அவை ஏற்ற கருவி. வானத்தை ஒட்டி வரிசையாக நின்ற எட்டுக் கோபுரங்களோ பல கல் தொலைவிலிருந்தும் எண்ணத்தக்கனவாய் இருந்தன!

முதலாம் உலகப்போரில் அரணுக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1915இல் இத்தாலி பிரான்சின் அணியிற் சேர்ந்துவிட்டது. ஷாபெர்ட்டோன் பீரங்கிகள் இறக்கப்பெற்று ஆஸ்திரியப் போர்முனைக்குச் சென்றன. போர் முடிந்தபின் மீண்டும் மலையேற்றப்பெற்றன.

1940 ஜூன் 10ஆம் நாள் முசோலினியின் அரசு பிரான்சின்மீது போர் தொடுத்தது. ஜெர்மானியப் படை ஜூன் 14ஆம் நாள் பாரிசினுள் புகுந்தது. 17ஆம் நாள் பிரான்சு போர்நிறுத்தம் வேண்டும் என்று அறிவித்துவிட்டது. இதன் பின்னரே ஆல்ப்ஸ் எல்லையில் இத்தாலியின் பெருந்தாக்குதல் தொடங்கியது. வீழ்ந்துகொண்டிருந்த நாட்டின்மேல் தொடுக்கப்பட்ட இத்தாக்குதலைப் போர்த்திறம் என்று எழுத நமக்கு மனம் ஒப்பவில்லை.

பிரெஞ்சுப் படையினர் முன்னேற்பாடாக நான்கு 280 மில்லிமீட்டர் மார்ட்டர்களை மலைமுகடுகளின் பின்னே மறைத்து நிறுத்தியிருந்தனர். லெப்டினன்ட் மிகே என்பார் அவற்றின் தலைவர். ஒவ்வொரு குண்டும் இருநூறு கிலோவுக்கு மேல் எடையுடையது. ஜூன் 21ஆம் நாள் காலை முகில் சற்றே விலகியபோது சுடத் தொடங்கினர், மறுபடி முகில் மூடியது, நிறுத்தினர். பிற்பகலில் வானம் தெளிந்தது. நோக்கர்கள் குண்டு விழுமிடம் பார்த்துச் சொல்லச் சொல்ல, குறி திருத்தப்பெற்றது. கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்ந்தன. மாலைக்குள் எட்டில் ஆறு பயனற்றுப் போயின. அரணிலிருந்த வீரர்களுள் பத்துப்பேர் அளவில் மாண்டனர். ஏறத்தாழ ஐம்பது பேர் காயமுற்றனர். எங்கிருந்து குண்டு வருகிறது என்பதே அவர்களுக்குப் புலப்படவில்லை. தங்கள் பீரங்கிகள் எளிதில் எட்டும் தொலைவுக்குள்ளேயே பகைவர் இருந்தும், முகட்டின் மறைவிலிருந்த அவர்களைத் தாக்க இயலவில்லை.

ஜூன் 24ஆம் நாள் இருநாடுகளும் போர்நிறுத்த உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. நள்ளிரவு கடந்து 25ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அரண் வீழ்ந்ததற்கும் போர் நின்றதற்கும் இடையே நான்கு நாள்கூட முழுமையாக இல்லை. பல ஆண்டு உழைப்பிற் கட்டப்பெற்று, முப்பது ஆண்டுக்காலம் காத்திருந்த பீரங்கிகள் பகைவர்மேல் முழங்கியது சில நாட்களே. அச்சில நாட்களில் மாண்ட இளைஞர்களின் பெற்றோர்க்கு, போர் முடியும் தறுவாயில் வந்த செய்தி எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் 1947இல் பாரிசில் செய்துகொண்ட அமைதி உடன்படிக்கை எல்லைக்கோட்டினை நகர்த்தியது. ஷாபெர்ட்டோன் சிகரம் பிரான்சுக்கு உரியதாயிற்று. பீரங்கிகள் அகற்றப்பட்டன. இத்தாலியர் பிரியான்சோனை அச்சுறுத்தக் கட்டிய கோபுரங்களின் எச்சம் இன்று பிரெஞ்சு மண்ணில் நிற்கிறது. கோடையில் இருநாட்டு மலையேறிகளும் பழைய படைவழியே நடந்து சென்று அதனைக் கண்டுவருகின்றனர்.