தள்ளிப்போட்டால் ஒன்று, கைவிட்டால் வேறு

காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டத் தடை வந்துவிடும். கிளம்ப இருந்த குடும்பம் 'அடுத்த வாரம் போய்க்கலாம்' என்று முடிவெடுத்தால், ஆங்கிலத்தில் அது 'புட் ஆஃப்'. பயணமே வேண்டாம் என்றால் 'கால் ஆஃப்'. 'புட்' என்றால் வை, 'கால்' என்றால் கூப்பிடு. அகராதியில் தனித்தனியாகத் தேடினால் ஒத்திவைப்பும் கிடைக்காது, ரத்தும் கிடைக்காது. வினையோடு 'ஆஃப்' என்ற சிறுசொல் ஒட்டியபிறகுதான் பொருள் பிறக்கிறது. இப்படி ஒட்டிய வினைக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர், லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட நூலில் வந்தது. பெயரைச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி.

பொருள் தெரிந்தாலும் நம் பிள்ளைகள் இடறுவது சொல் உட்காரும் இடத்தில். 'புட் ஆஃப் த டிரிப்', 'புட் த டிரிப் ஆஃப்' இரண்டும் சரி. பயணத்துக்குப் பதில் 'இட்' போட்டால் அது நடுவில்தான் நிற்கும்: 'புட் இட் ஆஃப்'. 'புட் ஆஃப் இட்' என்றால் தவறு. போவதைத் தள்ளிப்போட்டோம் என்பதற்கு 'புட் ஆஃப் கோயிங்' வரும். 'டு கோ' வராது. இன்னொரு பொருளும் உண்டு. மீன் வறுக்கும் வாடையில் ஒருவருக்குச் சாப்பிடும் ஆசையே போய்விட்டால், 'த ஸ்மெல் புட் ஹிம் ஆஃப்'. (வறுத்த மீனை வெறுத்து ஒகேனக்கல் போகிறவர் அபூர்வம், இலக்கணத்துக்காகச் சொல்கிறேன்.)

ஆங்கிலம் சிறுசொல்லை ஒட்டவைக்கும் இடத்தில் தமிழ் இன்னொரு வினையையே கொண்டுவந்து சேர்க்கிறது. 'தள்ளிப்போடு' என்பதில் யாரும் எதையும் தள்ளவில்லை, போடவுமில்லை. ஆனால் இரு வினைகள் அடுத்தடுத்து வந்தாலே இப்படிப் பொருள் மாறிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்திலேயே பார்க்கலாம். வில்லும் வாளுமாக நிற்கும் வீரர்கள் பலருக்குக் கல்லில் பொறித்திருக்கும் வாசகம், 'தொறு மீட்டுப் பட்டான்'. தொறு என்றால் மாட்டுமந்தை. பகைவர் கவர்ந்த மந்தையை மீட்டான், அந்தச் சண்டையில் இறந்தான் என்று இரு வினைக்கும் தனித்தனிப் பொருள். படு என்பதற்கு அங்கே சாவு என்றே அர்த்தம். இன்றோ அதே 'படு' பெரும்பாலும் துணைவினை. 'மீட்கப்பட்டான்' என்றால் பிழைத்தவன். அவசரமாகப் படிப்பவர், வீரனை யாரோ காப்பாற்றிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடும். மீட்கப்பட்டவை மாடுகள், அவன் இறந்ததால்தான் அந்தக் கல்லே நட்டார்கள்.